ஜெபக்கனி பிடித்து வைத்த இடம்

மழை வெறித்திருந்த ஓர் ஐப்பசி மதியத்தில் பள்ளிக்கூடக் கழிவறைச் சுவர் சரிந்து இறந்துபோன மூன்றாம் வகுப்பு ஜெபக்கனி, கார்த்திகை பிறந்த முதல் திங்கட்கிழமை காலையில் தன் வீட்டுப்பாடத்தைச் செய்து அனுப்பியிருந்தாள். ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்கிற இடத்தில் வழக்கம்போல் ஒருமுறை அடித்துத் திருத்தியிருந்தாள், தாளின் ஓரத்தில் வழக்கம்போல் ஒரு வாத்து வரைந்திருந்தாள், வாத்துக்கு வழக்கம்போல் கால்களை மறந்திருந்தாள்.

அளத்தங்கரை நான்கு பக்கமும் உப்பளம் சூழ்ந்த ஊர். குடிதண்ணீர் லாரியில் வர வேண்டும், காய்கறி வேனில் வர வேண்டும், வாத்தியார்கள் பஸ்ஸில் வர வேண்டும், உப்பு மட்டும் கேட்காமலே எல்லார் வீட்டுக்கும் வந்து சேலையிலும் தலைமுடியிலும் சோற்றுப் பானை மூடியிலும் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு மேலிடத்திலிருந்து ஒரு டேப், சிலேட்டு அளவுத் தொடுதிரைக் கணினி, வந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மின் தொகுப்பு இருக்கும், பிள்ளை வரைந்த படம், எழுதிய எழுத்து, வாசித்த குரல், கொட்டாங்கச்சியில் முளைக்கவைத்த பயறு எல்லாம் வாரம் தவறாமல் அதில் ஏற வேண்டும், ஏறாத பிள்ளை படிக்காத பிள்ளை என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து பயறு முளைத்ததா என்று கேட்பவர்கள் குறைந்துபோய், முளைத்ததைப் படம் எடுத்தாயிற்றா என்று கேட்பவர்கள் கூடிப்போனார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் பிள்ளைப்பெட்டி என்று பேர் வைத்தார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அளத்து வேலை முடிந்து வரும் தாய்மார் கை கழுவிவிட்டு வகுப்பில் உட்கார்ந்து, அவரவர் பிள்ளையின் பெட்டியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சுவரைக் கட்டியவர் சித்திரைவேல். பஞ்சாயத்துத் தலைவரின் மைத்துனர், ஊருக்கு வரும் கட்டட வேலை எல்லாம் தானாக அவர் வீட்டுப் படியேறும். ஆற்று மணல் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று ஓடைக்கரை உவர்மண்ணை அள்ளி, அளத்துக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்து எழுப்பிய சுவர் அது. கட்டி முடித்த வருஷமே அதில் உப்புப் பூத்தது, வெள்ளை வெளேரென்று, தொட்டால் உதிர்கிற பூ. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நெல்லிக்காய் கிடைத்த நாளெல்லாம் ஓடிப்போய்ச் சுவரைச் சுரண்டித் தொட்டுக்கொண்டு தின்றார்கள். ஜெபக்கனியும் அதற்குத்தான் போனாள். இடிபாட்டை அள்ளியபோது அவள் கையில் பாதி கடித்த நெல்லிக்காய் இருந்தது, அந்தக் கையை விரிக்க யாராலும் முடியவில்லை, அப்படியே புதைத்தார்கள்.

போலீஸ் வரவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, கிராம நிர்வாக அலுவலரின் பதிவில் ஏறவில்லை. பிள்ளையின் உடம்பை அறுப்பார்கள், தாய் மனசு தாங்குமா என்று சித்திரைவேல்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுது, எல்லாரையும்விட வேகமாகக் குழி வெட்ட ஏற்பாடு செய்தார். ஜெபக்கனியின் தாய் லில்லிபுஷ்பம் அளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் எங்கோ லாரியில் போனவன் போனவன்தான். ஆழ்வார்தோப்பிலிருந்து வந்த அவள் தம்பி மட்டும், அக்கா, இத சும்மா விடக்கூடாது, திங்கக்கிழம ஸ்டேஷனுக்குப் போறோம் என்று சொல்லியிருந்தான். அந்தத் திங்கட்கிழமைதான் வீட்டுப்பாடம் வந்தது.

தமயந்தி டீச்சர் பயப்படவில்லை. அன்று மாலைக்குள் வகுப்பின் தொகுப்பு முழுவதையும் ஏற்றியாக வேண்டும், பயப்பட நேரமில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைப் பார்த்தார், சரி போட்டார், ஒரு நட்சத்திரம் கொடுத்தார், வாத்துக்குக் கால் எங்கே என்று எப்போதும் எழுதுவதை எழுதினார், எழுதி முடித்த பிறகுதான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பிறகு வருகை எடுத்தபோது வாய் பழக்கத்தில் ஜெபக்கனி என்று கூப்பிட்டுவிட்டார். உள்ளேன் டீச்சர் என்று டேப் சொன்னது. பிள்ளைகள் அதன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவள் உட்காரும் இடத்தில் வைத்திருந்த தங்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் பொன்னுலிங்கம் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, அப்பாடா என்பது. கேட்கச் சகிக்காதுதான், ஆனால் அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஜெபக்கனி போனதோடு பிள்ளைகள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, அந்த ஒன்றால் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் போய்விடும், தமயந்தி டீச்சர் போனால் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான் என்ற கவலையில் மனிதர் பத்து நாளாகத் தூங்கவில்லை. மேலிடம் தலைகளை எண்ணுவதில்லை, தொகுப்புகளைத்தான் எண்ணுகிறது. தொகுப்பு நடப்பில் இருந்தால் பிள்ளை இருக்கிறது. அவர் உடனே லில்லிபுஷ்பத்துக்கு ஆள் அனுப்பினார்.

அவளும் தம்பியும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அப்படியே வந்தாள், கையில் பையோடு. டீச்சர் டேப்பை அவள் மடியில் வைத்து, அன்று காலை ஏறியிருந்த வாசிப்புப் பாடத்தை ஓடவிட்டார். சந்தைக்குப் போன சிட்டுக்குருவி என்கிற மூன்றாம் வகுப்புப் பாடம். இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஜெபக்கனிக்கு மேல்வரிசை முன்பல் விழுந்திருந்தது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் விழுந்து முளைத்த பிறகு அவளுக்குத் தாமதமாக விழுந்த பல், கூரைமேல் எறிந்துவிட்டு வந்து ஊரெல்லாம் ஈயென்று காட்டித் திரிந்தாள். சந்தை என்னும்போதும் சிட்டு என்னும்போதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று விசிலடித்துப் போகும். டேப்பிலும் போயிற்று. லில்லிபுஷ்பம் அந்தக் காற்றைக் கேட்ட மாத்திரத்தில் பையைக் கீழே வைத்தாள்.

பொன்னுலிங்கம் சார் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போனால் இறப்புச் சான்று கேட்பார்கள். இறப்பைப் பதிந்தால் மேலிடத்தில் பேர் தானாக நீங்கிவிடும். பேர் நீங்கினால் இந்தத் தொகுப்பு மூடிவிடும், மூடியதை யாராலும் திறக்க முடியாது. டீச்சர் தன் போனில் அந்தக் குரலைப் பிடித்துப் பார்த்திருந்தார், போனில் வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்டது, அதனால் வேறு வழியும் இல்லை.

லில்லிபுஷ்பம் தம்பியைப் பார்த்து, நீ ஊருக்குப் போ என்றாள். அவன் கத்தினான், காறித் துப்பினான், பெத்த மகளுக்கே இப்படிச் செய்வாயா என்றான். அவள் டேப்பை மடியிலிருந்து இறக்கவில்லை. மறுநாள் சித்திரைவேல் கொண்டுவந்த தாளில், கழிவறைச் சுவர் மழையில் விழுந்தது உண்மை, அதில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பொய்க் கையெழுத்துப் போடுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. காலையில் வாய்ப்பாடு எழுதிய பிள்ளையை மதியம் செத்துப்போனதாக எந்தத் தாய் எழுதிக் கொடுப்பாள்?

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு புது மருமகளை ஏற்றுக்கொள்ள அளத்தங்கரைக்கு மூன்று வருஷமாகும், இதற்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. சத்துணவு ஆயா அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு முட்டை வைத்தாள், அந்த முட்டையைப் பிள்ளைகள் முறை வைத்துத் தின்றார்கள், இன்னைக்கு ஜெபக்கனி முட்டை யாருக்கு என்பது வகுப்பில் பெரிய வழக்கானது. இலவசச் சீருடைக்கு அளவெடுக்க வந்தபோது டீச்சர் போன வருஷத்து அளவைச் சொல்லப்போக, லில்லிபுஷ்பம் தடுத்து, பிள்ள வளந்திருப்பா, ரெண்டு விரக்கட கூட்டியே வையிங்க என்றாள். வந்த சீருடையைத் துவைத்து மடித்து வைத்தாள், பொங்கலுக்குப் பிறகு மறுபடி துவைத்து மடித்து வைத்தாள்.

வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காணாமல்போன ஆடு எங்கே, கப்பலுக்குப் போன மகன் எப்போது வருவான், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்றெல்லாம் டேப்பிடம் கேட்டார்கள். ஜெபக்கனி எதற்கும் பதில் சொல்லவில்லை. பாடம் கொடுத்தால் செய்தாள், அவ்வளவுதான். பாதிரியார் ஒரு ஞாயிறு அதைப்பற்றிப் பிரசங்கம் செய்தார், முத்தாரம்மன் கோயில் பூசாரி ஒரு செவ்வாய் அதற்குத் திருநீறு போட்டார், இரண்டு பேருக்கும் அது ஒன்றும் செய்யாமல் கழித்தல் கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் மெல்ல விட்டுவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாள் எல்லாத் தொகுப்பையும் பார்த்துவிட்டு, ஒன்றியத்திலேயே ஒரு வாரம்கூட விடாமல் ஏறியிருக்கும் தொகுப்பு இந்தப் பிள்ளையுடையதுதான், யார் இது, எழுந்து நில்லம்மா என்றார். பிள்ளைகள் எல்லாரும் காலியிடத்தைக் காட்டினார்கள். அதிகாரி அம்மாள் அந்த இடத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், வருகை நூறு சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆண்டுவிழாவில் பள்ளிக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

ஊருக்கு அதில் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவர் பூத்திருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதன் அடியில் தங்கள் பிள்ளைகளும் சுரண்டி நின்றதைப் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு அளத்துக்குப் போயிருந்தார்கள். இப்போது ஜெபக்கனி நன்றாகப் படிக்கிறாள், கேடயம்கூட வாங்கிவிட்டாள், ஆகவே யாரும் எதற்கும் தலைகுனிய வேண்டியதில்லை. டீக்கடையில் சித்திரைவேலே சத்தமாகச் சொன்னார், என் மகன்தான் உருப்படாம திரியுதான், அந்தப் பிள்ளையைப் பாருங்க என்று. சிரித்தார்கள், மனிதர்கள்தானே என்று விடவும் முடியவில்லை எனக்கு.

லில்லிபுஷ்பம் தினமும் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வருவாள். வகுப்பு வாசற்படியில் டேப்பை மடியில் வைத்து, அன்றைக்கு ஏறியதைக் கேட்பாள். கையெழுத்து கோணலாக இருந்தால் வைவாள். படம் நன்றாக இருந்தால் திரையைச் சேலை முந்தானையால் துடைப்பாள். மாசி மாதம் ஒரு நாள் கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, மறுபடி போடுங்க டீச்சர் என்றாள். சந்தைக்குப் போன சிட்டுக்குருவியை மறுபடி போட்டார்கள். காற்று வரவில்லை. சந்தை சந்தையாகவே வந்தது, சிட்டு சிட்டாகவே வந்தது.

"முளைச்சிட்டு," என்றாள் லில்லிபுஷ்பம். "பல்லு முளைச்சிட்டு டீச்சர்."

அன்று சத்துணவு ஆயாவிலிருந்து பஸ் டிரைவர் வரை எல்லாருக்கும் சீனி வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை செத்ததிலிருந்து அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக மாசானம்மாள் சொன்னாள். மாசானம்மாள் அளத்தில் அவளோடு ஜோடி சேர்ந்து உப்பு வாருகிறவள், அவள் மகள் இசக்கிராதாவும் ஜெபக்கனி வகுப்புதான்.

ஜூன் மாதம் ஜெபக்கனி நான்காம் வகுப்புக்குப் போனாள். விழுந்த சுவரால் உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லாததால், பள்ளிக்குப் புதிதாக ஒரு வகுப்பறை கட்டும் வேலையும் பொங்கல் முடிந்ததுமே சித்திரைவேலுக்கே வந்திருந்தது. மஞ்சள் சுண்ணாம்பும் நீலப் பட்டையும் அடித்து, வாசலில் கல்வெட்டு வைத்து, நான்காம் வகுப்பை அதில் குடியேற்றினார்கள். ஆடி மாதம் நம் பள்ளி என்ற தலைப்பில் படம் வரையச் சொன்னார் தமயந்தி டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சுவரையும் நீலப் பட்டையையும் வரைந்தார்கள். ஜெபக்கனியும் அதையே வரைந்து, சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ வைத்திருந்தாள்.

தினமும் தண்ணீர் விடாத இடத்தில் பூ எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மறுவாரம் மரங்கள் என்று தலைப்பு கொடுத்தார்கள், அவள் மறுபடியும் அந்தச் சுவரைத்தான் வரைந்தாள், பூ சன்னல் வரை ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் பண்டிகை என்றார்கள், பூ கூரையைத் தொட்டது. டீச்சர் தலைப்பை ஒட்டி வரையவும் என்று எழுதினார், இருந்தாலும் நட்சத்திரம் கொடுத்தார். தாய்மார் வெள்ளிக்கிழமை வந்து பார்த்து, என்ன அழகாப் பூ வச்சிருக்கா என்றார்கள். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே சாகிற ஊருக்கு உப்பு தெரியாதா? தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்தது, வகுப்பறைச் சுவரின் அடியில் நிஜமாகவே அது பூக்க ஆரம்பித்திருந்ததும் தெரிந்தது, பிள்ளைகள் நெல்லிக்காயோடு அங்கே நிற்க ஆரம்பித்திருந்ததும் தெரிந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் பூ என்றே சொன்னார்கள்.

புரட்டாசி முடியும்போது அந்தப் படம் வந்தது. தலைப்பு, என் தோழிகள். அதில் சுவரே இல்லை, மஞ்சளும் நீலமுமாக ஒரு குவியல் மட்டும் ஓரத்தில் கிடந்தது. நடுவில் ஒரு நீளப் பாய். பாயின் ஒரு முனையில் இரண்டு விரற்கடை கூட்டித் தைத்த சீருடையோடு ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பைகள் வைத்திருந்தாள், பையொன்றுக்கு ஒரு பேர், வகுப்பில் இருந்த அத்தனை பேரும். இசக்கிராதாவின் பையை மட்டும் தனக்கு ஒட்டி வைத்திருந்தாள். கீழே அழகான கையெழுத்தில், எல்லாருக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தது.

லில்லிபுஷ்பம் அன்று சாயங்காலம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு லில்லிபுஷ்பம் சொன்னாள், "அவளுக்குத் தனியா இருக்கு டீச்சர்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பொன்னுலிங்கம் சாரிடம் போய், பிள்ளைகளை அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவரச் சொன்னாள். சாருக்கும் மனசில் உறுத்தல் இருந்தது. கட்டடம் சரியில்லை என்று எழுதினால் மேலிடம் காரணம் கேட்கும், இதே ஆள் கட்டிய சுவர் முன்பு விழுந்து ஒரு பிள்ளை இறந்தது என்று சொன்னால்தான் அசையும், அந்தச் சுவரில் ஒருவரும் சாகவில்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே அம்மா என்றார். தாய்மாரிடம் போனாள். உன் மக படம் போட்டதுக்கு எங்க பிள்ளைய வெயில்ல ஒக்கார வைக்கணுமா என்றார்கள். மாசானம்மாள் மட்டும் மூக்கைச் சிந்தினாள், ஆனாலும் மறுநாள் இசக்கிராதாவைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினாள். சித்திரைவேலிடமும் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பிள்ளைகள் எதையாவது வரையத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினார்.

இனி ஒரு வழிதான் இருந்தது, அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகள் செத்துப்போனாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மகள் செத்துப்போவாள்.

ஒரு வாரம் அவள் சோறு பொங்கவில்லை. தினமும் வாசற்படியில் உட்கார்ந்து, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றையும் பார்த்தாள், கால் இல்லாத வாத்துகளைப் பார்த்தாள், கடைசியாக அந்தப் பாயைப் பார்த்தாள். மேகம் திரண்டு முதல் மழை இறங்கிய மாலையில் டேப்பை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உள்ளே மேசையில் இருந்த தமயந்தி டீச்சருக்குக் கேட்டது.

"இடம் பிடிக்காதட்டி," என்றாள். "ஒருத்தியும் வர வேண்டாம். நீ தனியாவே இரு, என்ன? அம்மா பெறவு வாரேன்."

டேப்பை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, மழையோடு நடந்து போனாள்.

கிராம நிர்வாக அலுவலர் பதிய மறுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு பார்க்கிறவர். போனில் பள்ளித் தொகுப்பைத் திறந்து அவளிடம் காட்டினார். இன்னைக்குக் காலையில வகுத்தல் கணக்கு போட்டிருக்கு, பத்துக்கு ஒன்பது, இத எப்படிம்மா நான் செத்ததா எழுத என்று கேட்டார். உயிரோடிருப்பதற்குத்தான் ஆயிரம் அத்தாட்சி இருக்கிறது, செத்ததற்கு ஓர் அத்தாட்சியும் இல்லை. லில்லிபுஷ்பம் தாலுகா ஆபீசுக்குப் போனாள், அங்கேயும் அதே போன், அதே வகுத்தல். பெத்த தாயே பிள்ளை செத்துவிட்டது என்று அலைகிறாளே, இவளுக்கு எவ்வளவு கொடுத்தார்களோ என்று ஊரில் பேசினார்கள். ஆழ்வார்தோப்புத் தம்பி வந்தான், ஒரு வக்கீலைப் பிடித்தான், ஒருவழியாகத் தாசில்தார் குழியைத் தோண்டிப் பார்க்க உத்தரவு போட்டார்.

தோண்டும்போது ஊர் தள்ளி நின்றது. தாய் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்கவில்லை. கை முதலில் வந்தது, மூடியபடியே, உள்ளே ஒரு நெல்லிக்காய்க் கொட்டையோடு. அந்தக் கையைப் பார்த்ததும் தாசில்தார் செருப்பைக் கழற்றினார், போதும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். லில்லிபுஷ்பம் போதும் என்று சொல்லவில்லை. மண்டியிட்டு, முகத்துப் பக்கம் மண்ணை அவளே விரலால் தள்ளினாள். மேல்வரிசையைத் தேடினாள். அந்த இடம் அப்படியே இருந்தது, ஓட்டையாக, கூரைமேல் எறிந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. பல் முளைத்திருக்கவில்லை.

அவள் அழுதது அளத்தின் மறுகரை வரை கேட்டதாகச் சொல்வார்கள். அவ்வளவு நாளும் அழாமல் வைத்திருந்ததை அன்றைக்கு அழுதாள்.

பதிவு ஏறிய மறுநாள் காலையில் தமயந்தி டீச்சர் டேப்பைத் திறந்தபோது, பட்டியலில் ஜெனிட்டாவுக்கு அடுத்து ஜோதிலட்சுமி வந்தது. இடையில் ஒன்றுமில்லை. வருகை எடுத்தார். ஜெனிட்டா உள்ளேன் டீச்சர் என்றாள், டீச்சர் ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டார். பிள்ளைகள் காலியிடத்தில் பைகளை வைத்தார்கள். சத்துணவு ஆயா ஒரு முட்டை குறைத்து வேகவைத்தாள். அந்த வாரமே பொறியாளர்கள் வந்து வகுப்பறைச் சுவரில் விரலால் குத்தினார்கள், விரல் உள்ளே போயிற்று, கட்டடத்தைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். சித்திரைவேலைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பத்தே நாளில் ஜாமீனில் வந்துவிட்டார்.

கட்டடம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பூட்டிய கட்டடம், விடுமுறை நாள், ஒரு கோழிகூட அதில் சாகவில்லை. அதுதான் லில்லிபுஷ்பத்துக்கு வினையாகப் போயிற்று. நாலு பேர் செத்திருந்தால் அவள் சொன்னது சரி என்று கும்பிட்டிருப்பார்கள். ஒருவரும் சாகாததால், விழுந்தால்தான் என்ன, ஞாயிற்றுக்கிழமைதானே விழுந்தது என்று சொன்னார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்து தமயந்தி டீச்சரை மாற்றிவிட்டார்கள், அதுவும் இவளால். கேடயத்தைத் திருப்பிக் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது, அதுவும் இவளால். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தாயே தோண்டிக் கொன்றுவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது இன்றைக்கும் அளத்தங்கரையில் இருக்கிறது. அளத்தில் அவளோடு ஜோடி சேர யாரும் வரவில்லை, மாசானம்மாள்கூட முதலில் வரவில்லை. தன் பிள்ளை உயிரோடு இருப்பதற்காக அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று மாசானம்மாளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் இப்போது பழைய உப்புக் கொட்டகையில் நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஐந்து வகுப்பும், பொன்னுலிங்கம் சார் ஒருவரும், அந்த டேப்பும். லில்லிபுஷ்பம் அளத்துக்கு அந்த வழியாகப் போவதில்லை, வரப்புகளைச் சுற்றித்தான் போவாள். தை மாதம் வரப்பு உடைந்து கிடந்ததால் ஒரு நாள் கொட்டகையை ஒட்டிப் போக வேண்டியிருந்தது. உள்ளே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று டேப்புக்காகப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தது. சந்தைக்குப் போன சிட்டுக்குருவி. சந்தை என்றபோது காற்று போயிற்று, சிட்டு என்றபோதும் போயிற்று.

அவள் தலையில் இருந்த உப்புப் பெட்டியை இறக்காமலே நின்று கேட்டாள். மறுநாளும் அந்த வழியாக வந்தாள். வரப்பைச் சரிசெய்த பிறகும் அந்த வழியாகவே வந்தாள், யார் பிள்ளை என்று எட்டிப் பார்க்கவில்லை, பேர் கேட்கவில்லை, தகரத்தின் வெளிப்பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். கேட்கும் ஒவ்வொரு நாளும் தகரத்துக்குக் கீழே இருந்த குட்டைச் சுவரைக் கண்ணால் தடவிக்கொண்டே நிற்பாள், அடியில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று. மாசானம்மாள் தூரத்திலிருந்து இதைப் பார்த்திருந்தாள். பங்குனியில் ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். உள்ளே வாசித்தார்கள். சந்தை சந்தையாக வந்தது. சிட்டு சிட்டாக வந்தது.

லில்லிபுஷ்பம் பெட்டியை இறக்கி வைத்தாள், அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"முளைச்சிட்டு," என்றாள்.

மாசானம்மாள் ஆமா என்றாள். மறுநாளிலிருந்து லில்லிபுஷ்பம் வரப்பு வழியாகவே அளத்துக்குப் போனாள்.